வாட்டர் தெருவை அடைக்கிற நாள்

...வரமாட்டான், வரமாட்டான் என்று தெரிந்துதானே காலையில் கையுறையை மாட்டிக்கொண்டு கிளம்பினோம், பிறகு ஏன் ஒவ்வொரு பலகையை இறக்கும்போதும் கண் அந்தப் பக்கமே போய்த் தொலைகிறது என்று வெர்னன் தன்னைத்தானே திட்டிக்கொண்டார். வெள்ளத்தைத் தடுக்கக் கட்டிய சுவரில் வாட்டர் தெரு நுழைகிற இடத்தில் ஒரு லாரி போகிற அளவுக்குத் திறப்பு, ஓஹையோ ஆறு ஏறும்போதெல்லாம் அலுமினியப் பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கி அதை அடைக்க வேண்டும், இப்போது முழங்கால் உயரம் வந்தாயிற்று. அதற்கு அப்பால், ரப்பர் பூட்ஸும் காப்பிக் குவளையுமாக, ஏதோ ஊர்வலம் பார்க்க வந்தவன்போல நிற்கிறான் கூடப் பிறந்த தம்பி டேரல். இந்தத் தடவை தண்ணீர் அவன் வீட்டு மாடி வரை வரும் என்கிறார்கள். இதை அடைத்துவிட்டால் வடிகிற வரை அவனுக்கு அந்த ஓட்டைப் படகுதான் கதி. "ஏறி வாடா இந்தப் பக்கம். பள்ளிக்கூடத்துல கட்டில் போட்டிருக்காங்க, சூப்புகூடத் தர்றாங்களாம்." "அந்த சூப்புக்கு ஆத்துத் தண்ணியே தேவலைண்ணே." பலகை தூக்குகிறவர்கள் சிரித்தார்கள், வெர்னனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இந்தக் கெல்லர்பர்க்கே ஆறு பெற்றுப் போட்ட ஊர்தானே... கெல்லர் என்கிற ஜெர்மன்காரன் படகு தரைதட்டி வேறு வழியில்லாமல் இறங்கினான், பன்றிக்கறியையும் விஸ்கியையும் பீப்பாயில் அடைத்து நியூ ஆர்லியன்ஸுக்கு அனுப்பினான், நீராவிக் கப்பல்கள் வந்தன, வீடெல்லாம் ஆற்றைப் பார்த்து வாசல் வைத்தது. அக்கரை கென்டக்கியிலிருந்து அடிமைகள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கரையேறியதும் இந்தத் துறையில்தான், அவர்களை ஒளித்து வைத்தவர்களும் இந்த ஊர்க்காரர்கள், பிடித்துக் கொடுத்துக் காசு பார்த்தவர்களும் இந்த ஊர்க்காரர்கள், பூங்காவில் நட்ட கல்லில் முதல் கூட்டத்தின் பெயர் மட்டும் இருக்கிறது, அதுவும் நம் சாமர்த்தியம்தான். பிறகு ரயில் வந்தது, கப்பல் போனது, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தேழு வெள்ளத்தில் தேவாலயத்துப் பியானோ கடைத்தெரு வழியாக மிதந்து போனது, போதுமடா சாமி என்று ஊர் சுவர் எழுப்பிக்கொண்டது. எங்கே எழுப்பியது? வாட்டர் தெருவுக்குப் பின்னால். மீன்பிடிக்கிறவனும் படகுக்காரனும் குடியிருந்த தெரு, அவன் பேச்சு எந்தச் சபையில் ஏறும்? அப்பா பகலெல்லாம் கூலிக்கு அந்தச் சுவரைக் கட்டினார், சாயங்காலம் சுவருக்கு வெளியே இருந்த வீட்டுக்குத் தூங்கப் போனார். முதல் தடவை அடைத்தபோது அவசரத்தில் தீயணைப்பு வண்டியையே வெளியே விட்டு அடைத்துவிட்டார்களாம், அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார் மனுஷர், கோபமே வராதா அவருக்கு?

பலகை இடுப்புக்கு வந்துவிட்டது. "அண்ணே, பாத்துத் தூக்கு, அப்புறம் முதுகைப் பிடிச்சுக்கிட்டு நிக்காதே." என் முதுகைப் பற்றி உனக்கென்னடா அக்கறை... கல்யாணமானதும் மேட்டுத் தெருவுக்கு, சுவருக்கு உள்ளே, வந்துவிட்டார் வெர்னன், டேரல் அம்மாவோடு அங்கேயே இருந்துவிட்டான். தொண்ணூற்றேழில் தண்ணீர் ஏறியபோது, இந்த ஆத்தை எனக்குத் தெரியும் போடா என்று அம்மா அசையவில்லை, அவன் அவளைத் தூக்கிக்கொண்டு போய் மாடியில் வைத்துக் காவல் இருந்தான், ஈரம் நெஞ்சில் இறங்கிவிட்டது. தண்ணீர் வடிந்தது, அம்மா இல்லை. கல்லறையில் அத்தனை பேர் முன்னால், "நீதான்டா கொன்னே" என்று சொன்னது யார், நாம்தானே? அவன் மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. மறுத்திருந்தால் அடித்துப் புரண்டு அன்றைக்கே தீர்ந்திருக்குமோ என்னவோ. அதற்கப்புறம் ஆற்று மட்டம், கெளுத்தி மீன், பேஸ்பால், இதைத் தவிர இருவருக்கும் பேச்சே கிடையாது.

டேரலின் கழுத்து மறைந்தது, முகம் மறைந்தது, இப்போது தொப்பி மட்டும். மேஸ்திரி ஹட்ச் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "வெர்னன், நீங்கதான் இருக்கறதுலயே மூத்தவர், கூப்பிடுங்க" என்றார். தீயணைப்பு வண்டிக் கூத்துக்குப் பிறகு வந்த வழக்கம் அது, கடைசிப் பலகைக்கு முன் மூத்தவர் ஒருவர் வெளியே பார்த்துக் குரல் கொடுக்க வேண்டும். கொடுத்தார். "வெளியில யாராச்சும் இருக்கீங்களா?" "நான் இருக்கேண்ணே. போடு." அந்தப் 'போடு'வில் கேலி இல்லை, கோபமும் இல்லை. பள்ளிக்கூடத்துக்கு வா என்றோம், தேவாலயக் கூடத்துக்குப் போ என்றோம், எவன்ஸ்வில்லில் அத்தை மகன் இருக்கிறானே என்றோம், இத்தனை வருஷமாக ஒவ்வொரு வெள்ளத்துக்கும் தொண்டை வறளக் கத்தினோமே... என் வீட்டுக்கு வா என்று ஒரு தடவை, ஒரே ஒரு தடவை சொன்னோமா? பிடிவாதக்காரன் பிடிவாதக்காரன் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தோமே, அந்த ஒன்றை அவன் எப்போது மறுத்தான்? கேட்டால்தானே மறுப்பதற்கு...

"இறக்குங்கப்பா!" என்று ஹட்ச் கத்தினார். பலகை தூணில் வெட்டிய காடியில் இறங்கி மற்றதன்மேல் உட்கார்ந்தது. வெர்னன் இரண்டு கையையும் அதன்மேல் ஊன்றி, "டேரல்! நம்ம வீட்டுக்கு வாடா, மாடி ரூம் காலியாத்தான் கிடக்கு" என்று மெல்லச் சொன்னார், பக்கத்தில் நின்றவருக்கே கேட்டிருக்குமா தெரியாது. போய்விட்டானா, அங்கேயே நின்று என்ன சொல்வதென்று யோசிக்கிறானா, இந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை.