ஃபூல், மியூல், டூல், ட்ரூல்

தாடையைத் தூக்கிக் கட்டுவதற்கு முன்பு வாயை ஒருமுறை துடைத்துவிடச் சொன்னார் தங்கராஜு மாமா. சாரதா ஈரத்துணியுடன் அப்பாவின் தலைமாட்டில் குனிந்தாள். விடியும் நேரத்தில் போன உயிர். இரண்டு மணி நேரம் ஆகியும் கடைவாயிலிருந்து எச்சில் இறங்கிக்கொண்டுதான் இருந்தது. மஞ்சளாக, ஆறிப்போன கஞ்சி மாதிரி. துடைத்தாள். துணியோடு நூலாக இழுத்துக்கொண்டு வந்தது. துணியை மடித்து மறுபடியும் துடைத்தாள். முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பிக்கொண்டாள்.

"முடியலன்னா குடுலா, நான் செய்யறேன்" என்றார் மாமா. அம்மாவின் தம்பி அவர்.

"வேணாம் மாமா. எட்டு மாசமா நான்தான செய்யறேன்."

எட்டு மாதத்துக்கு முன்பு, ஒரு காலையில் குளியலறை வாசலில் விழுந்தார் அப்பா வீரப்பன். ஒரு பக்கம் முழுக்க இழுத்துக்கொண்டது. பேச்சு போய்விட்டது. வாய் ஒரு பக்கமாகத் தொங்கி, எச்சில் ஒழுகத் தொடங்கியது. கம்போங் ராஜா என்ற ஊருக்குப் பக்கத்தில் தேயிலைத் தோட்டப் பள்ளியில் சாரதா தற்காலிக ஆசிரியை. பள்ளிக்குப் போகும் முன் ஒருமுறை, திரும்பி வந்து பலமுறை துடைப்பாள். ஒவ்வொரு தடவையும் ஒரே வார்த்தை வந்து அவள் நாக்கில் உட்காரும். ட்ரூல். அந்த வார்த்தையை அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவரே அப்பாதான்.

மாமா வெள்ளைத் துணியால் தாடையை இறுக்கிக் கட்டினார். கீழே காய்கறித் தோட்டத்துக்குக் கோழிச்சாணம் ஏற்றிவந்த லோரி நின்றுகொண்டிருந்தது. பனியோடு அந்த நாற்றமும் சேர்ந்து ஏறி, தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக்குள் வந்தது. சாரதா துணியைக் கால்வாய் ஓரம் எறிந்துவிட்டுக் கையைச் சோப்புப் போட்டு மூன்று தடவை கழுவினாள். மூக்கின் அருகே கொண்டுபோனபோது எச்சில் நாற்றம் இன்னும் இருந்தது.

வீரப்பன் வெள்ளைக்காரத் துரையின் பங்களாவில் பதினெட்டு வருடம் மேசை வேலை பார்த்தவர். வெள்ளைச் சட்டை, பித்தளைப் பொத்தான், முழங்கையில் மடித்த துவாலை. அவர் மனைவி செல்லம்மா அதே பங்களாவின் குசினியில் பாத்திரம் கழுவினாள். சனிக்கிழமைகளில் பக்கத்துத் தோட்டத்துத் துரைமார்கள் மனைவிகளோடு விருந்துக்கு வருவார்கள். சாப்பாடு முடிந்து இனிப்பு வரும் நேரத்தில் துரை கரண்டியால் கிளாசைத் தட்டுவார்.

"வீரா! ஹூ ஆர் யூ?"

வீரப்பன் நெஞ்சை நிமிர்த்தி நிற்பார். "ஃபூல், மியூல், டூல், ட்ரூல், சார்!"

மேசையைத் தட்டிச் சிரிப்பார்கள். துரைசாணி ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொள்வாள். துரை இரண்டாம் முறை தட்டுவார். "பிக், டிக், ஜிக்!" என்று சொல்லி, ஜிக் வரும்போது வீரப்பன் ஒரு சுற்றுச் சுற்றி நிற்க வேண்டும். சுற்றுவார். மறுபடியும் சிரிப்பு.

அந்த வார்த்தைகளுக்கு அர்த்தம் தெரிந்துகொள்ள வேண்டும் என்று அவருக்கு ஆசை வந்தது. தோட்ட ஆபீசில் கணக்கு எழுதும் பெரிய கிராணி இராமையாவிடம் போய்க் கேட்டார். இராமையா பேரேட்டிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னார். ஃபூல் என்றால் விசுவாசமானவன். மியூல் என்றால் சளைக்காத பலசாலி. டூல் என்றால் துரைக்கு வலது கை. ட்ரூல் என்றால் தேன் ஒழுகப் பேசுகிறவன்.

அன்று மாலை வீட்டுக்கு வந்த வீரப்பனைப் பிடிக்க முடியவில்லை. மகளை மடியில் உட்காரவைத்துக்கொண்டார்.

"கடைசிச் சத்தம் எல்லாம் ஒண்ணா வருது பாரும்மா. ஃபூல், மியூல், டூல், ட்ரூல். பாட்டு மாதிரி. துரை எனக்குன்னே கட்டுனது."

லயமே கேட்டது. அன்றிலிருந்து அவர் இங்கிலீசு வீரப்பன். மாரியம்மன் கோயில் திருவிழாவில்கூட யாராவது கேட்பார்கள், அவரும் சொல்வார். தேயிலைக் கூடையை இறக்கிவைத்துவிட்டுப் பெண்கள் வாய் பார்ப்பார்கள்.

துரை எழுதிக்கொடுத்த கடிதத்தால்தான் சாரதாவுக்குத் தானா ராத்தா டவுனில் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் இடம் கிடைத்தது. ஐந்தாம் வகுப்பில் ஒரு நாள். டீச்சர் கரும்பலகையில் 'கூல், ஸ்கூல்' என்று எழுதிவிட்டு, இதே சத்தத்தில் முடியும் வேறு வார்த்தைகள் யாருக்குத் தெரியும் என்று கேட்டாள். அதுவரை வகுப்பில் கையே தூக்காத சாரதா கையைத் தூக்கினாள். அப்பாவைப் போலவே நெஞ்சை நிமிர்த்தி நின்று நான்கையும் சொன்னாள்.

டீச்சருக்குச் சந்தோஷம். அர்த்தமும் தெரியுமா என்று கேட்டாள்.

"மை ஃபாதர், டீச்சர்" என்றாள் சாரதா.

வகுப்பு சிரித்தது. டீச்சர் சிரிக்கவில்லை. இடைவேளையில் அவளைக் கூப்பிட்டு, அகராதியைத் திறந்து, ஒவ்வொரு வார்த்தையின் மீதும் விரலை வைத்துக் காட்டினாள்.

அந்த வாரச் சனிக்கிழமை அப்பா விருந்தில் மிச்சமான கேக்கையும் கஸ்டர்டையும் எண்ணெய்த்தாளில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். சனிக்கிழமைகளில் அவள் வழி பார்த்துக் காத்திருக்கும் பண்டம். ஒரு வாய் வைத்தாள். அந்த மேசை, அந்தக் கரண்டி, அந்தப் பற்கள் எல்லாம் கண்ணுக்குள் வந்தன. கால்வாய்க்கு ஓடிப்போய்க் குமட்டிக் குமட்டி வாந்தி எடுத்தாள். அப்பா முதுகைத் தடவிவிட்டார். அந்தக் கை பட்டதும் தோளைச் சுருக்கிக்கொண்டாள்.

"அப்பா, இனிமே அத சொல்லாதீங்க."

"எதம்மா?"

"அந்த நாலு வார்த்தைய."

வீரப்பன் ஏன் என்று கேட்கவில்லை. வாளியில் தண்ணீர் மொண்டு கால்வாயில் ஊற்றிக் கழுவிவிட்டார்.

"சரிம்மா" என்றார்.

வீட்டில் அதற்குப் பிறகு சொல்லவில்லை. பங்களாவில், எழுபத்தாறில் துரை ஊருக்குக் கப்பல் ஏறும்வரை, சொல்லிக்கொண்டுதான் இருந்தார். துரை தந்த பழைய கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொண்டு நடந்தார். அந்த நடையையும், குனிந்து வணங்கும் கழுத்தையும், எண்ணெய்த்தாளைப் பிரிக்கும் விரல்களையும் பார்க்கப் பார்க்கச் சாரதாவுக்கு அருவருத்தது. பெற்ற அப்பாவைப் பார்த்து இப்படித் தோன்றுகிறதே என்று தன்னையும் அருவருத்தாள். உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாயெடுத்த நாட்கள் உண்டு. வாய் வரவில்லை.

இப்போது அவளே இரண்டாம் வகுப்புக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கிறாள். கேட், பேட், மேட். பென், ஹென், டென். 'ஊல்' வரும்போது ஸ்கூல், கூல் என்பதோடு நிறுத்திக்கொள்வாள்.

பத்து மணிக்கு உடலைக் குளிப்பாட்டி, வாசலில் போட்ட தார்ப்பாய்ப் பந்தலின் கீழே பெஞ்சில் கிடத்தினார்கள். தலைமாட்டில் செல்லம்மா உட்கார்ந்தாள். அழுது ஓய்ந்த முகம். மலைக்கு மேலே குழி வெட்டப் போயிருந்தார்கள். கொள்ளிப்பானை தூக்க, பெரியப்பா மகன் விஜயன் கோலா தெர்லாவிலிருந்து வந்துவிட்டான்.

பதினொரு மணி வாக்கில் ஒரு பழைய மோட்டார் காடி லயத்தின் முனையில் வந்து நின்றது. கழுத்தில் கம்பளிப்பட்டை சுற்றிய இராமையா இறங்கினார். ஓய்வுபெற்றுத் தானா ராத்தாவில் மகனோடு இருக்கிறவர். லயத்து ஆட்கள் பழக்கதோஷத்தில் எழுந்து நின்றார்கள். மாலையைப் போட்டார், கும்பிட்டார், தள்ளிக் கிடந்த இன்னொரு பெஞ்சில் உட்கார்ந்தார். டீ கொடுத்தார்கள். பிஸ்கட்டை நனைத்து நனைத்து உறிஞ்சினார். நனைந்த தூள் மீசையில் ஒட்டிக்கொண்டு, பேசும்போதெல்லாம் ஆடியது. சாரதாவால் அதிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை.

"வீரப்பன் மாதிரி ஆள் இனிமே வராதுலா" என்றார் இராமையா. "பெரிய பெரிய துரையெல்லாம் இவன் வாயப் பாத்துக்கிட்டு இருப்பாங்க. இந்தக் காலத்துப் பயலுகளுக்கு எங்க தெரியும்?"

இளவட்டங்கள் நெருங்கி வந்து நின்றார்கள். கிழவருக்கு உற்சாகம் ஏறிவிட்டது. தோளில் கிடந்த துண்டை எடுத்து முழங்கையில் மடித்துப் போட்டுக்கொண்டு எழுந்தார். பிணத்துக்கு இரண்டடி தள்ளி நெஞ்சை நிமிர்த்தினார்.

"ஃபூல், மியூல், டூல், ட்ரூல், சார்!"

வீரப்பனின் குரலேதான். கூட்டத்தில் சிலர் துக்கத்தை மறந்து புன்னகைத்தார்கள். "என்னமா பேசுவாரு!" என்றார் ஒருவர் பெருமையாக. இராமையா சிரித்தார். சிரிப்பு இருமலாகி, கோழை திரண்டு, பந்தல் ஓரமாகத் துப்பிவிட்டு வந்து உட்கார்ந்தார். கண்ணில் தண்ணீர்.

"பொண்ணு, நீ டீச்சர்தான? பாடை தூக்கறதுக்கு முன்னாடி நீ ஒரு தடவ அத சொல்லி அனுப்பு. ஆத்மா குளுந்து போகும்லா."

சொல்லும்போது மீசை ஓரத்தில் ஒரு நெளிவு. பழைய ஆபீஸ் சிரிப்பு. சாரதா அதைப் பார்த்துவிட்டாள்.

"அர்த்தத்தோட சொல்லட்டுங்களா கிராணி ஐயா?"

இராமையாவின் கையில் கிளாஸ் பாதியில் நின்றது.

சாரதா கரும்பலகைக்கு முன்னால் நிற்பவளைப் போல நின்றாள். "ஃபூல்னா முட்டாள். மியூல்னா கழுதைக்கும் குதிரைக்கும் பொறந்து, பொதி சொமக்கற மலட்டு மிருகம். டூல்னா அடுத்தவன் கைக்கு ஆகிற சாமான். ட்ரூல்னா எச்சி ஒழுகறது. பிக்னா பன்னி. துரை 'நீ யாரு'ன்னு கேட்டாரு. எங்கப்பா இதத்தான் சொன்னாரு. பதினெட்டு வருஷம்."

சற்று முன் புன்னகைத்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். தார்ப்பாயில் தேங்கிய பனித்தண்ணீர் சொட்டியது.

"அது... சும்மா விளையாட்டுக்குலா" என்றார் இராமையா. "துரை கத்துக்குடுத்தது. நானும் சம்பளத்துக்கு நின்னவன்தான?"

"அர்த்தம் சொன்னது துரையா?"

"அவன் அவ்ளோ ஆசையா வந்து கேட்டான், பொண்ணு. நெசத்த சொன்னா அந்த மூஞ்சி என்னத்துக்கு ஆகும்?" கிழவரின் குரல் இறங்கிவிட்டது. அதில் பொய் இருக்கிறதா என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. அதுவும் அருவருப்பாக இருந்தது.

தங்கராஜு மாமா முன்னால் வந்தார். "ஐயா, நீங்க கெளம்புங்க."

இராமையா கிளாசைக் கீழே வைத்துவிட்டுப் போனார். யாரும் எழுந்து நிற்கவில்லை. காடி கிளம்பும் சத்தம் கேட்டபோது சாரதாவுக்கு மூச்சு லேசானது போல இருந்தது. பதினாலு வருடமாகத் தொண்டையில் கிடந்ததைத் துப்பிவிட்டவள் போலத் திரும்பினாள்.

அம்மா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"திருப்தியா?" என்றாள் செல்லம்மா.

"அம்மா, அந்த ஆளு—"

"எனக்குத் தெரியாதுன்னு நெனைச்சியா? அந்தக் குசினிக் கதவு இடுக்குல நின்னு எல்லாச் சனிக்கெழமையும் பாத்தவ நான். சிரிக்கறவங்க மூஞ்சியப் பாத்தா அர்த்தம் தெரியாதா? அதுக்கு இங்கிலீசு வேற படிக்கணுமா?"

"தெரிஞ்சும் ஏம்மா சொல்லல?"

"சொல்லி? வேலைய விட்டுட்டு எங்க போறது? உன்ன யாரு படிக்க வெப்பா?" செல்லம்மா கத்தவில்லை. சேலைத் தலைப்பால் புருஷனின் நெற்றியில் பறந்த ஈயை ஓட்டினாள். "இந்த லயத்துல அவரு தல நிமிந்து நடந்ததே அந்த நாலு வார்த்தையாலதான். அவருக்குத் தெரியாமலே போகட்டும்னு நான் வாயக் கட்டிக்கிட்டு இருந்தேன். நீ இத்தன பேரு முன்னால, அவரு காது பக்கத்துலயே நின்னு சொல்லிட்டியேடி."

சாரதா அப்பாவின் காதைப் பார்த்தாள். குளிப்பாட்டிய தண்ணீர் மடலில் இன்னும் காயாமல் இருந்தது.

பகல் ஒரு மணிக்குத் தூக்கினார்கள். பெண்கள் லயத்து முனைவரை போய் நின்றார்கள். பாடை தேயிலைச் செடிகளுக்கு நடுவே, ஒற்றையடிப் பாதையில் வளைந்து வளைந்து ஏறிப் பனிக்குள் போனது. முன்பெல்லாம் யாரைத் தூக்கிப்போனாலும் லயத்துப் பெண்கள் செத்தவரின் பட்டப்பெயரைச் சொல்லிச் சொல்லி ஒப்பாரி வைப்பார்கள். இன்று வெறும் பெயரைச் சொல்லித்தான் அழுதார்கள். இங்கிலீசு என்ற சொல்லை ஒருத்தியும் எடுக்கவில்லை.

திரும்பி நடக்கும்போது, முன்னால் போன இரண்டு பேரில் ஒருத்தி மற்றவளிடம் தாழ்ந்த குரலில் சொல்வது காதில் விழுந்தது.

"பாவம், கழுதைன்னு அவரே சொல்லிக்கிட்டுத் திரிஞ்சிருக்காரு பாரேன்."

மற்றவள் வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது. அழுகிறாளா என்று சாரதா பார்த்தாள். அழவில்லை.

சாரதா பாதை ஓரமாக நின்றுவிட்டாள். குனிந்தாள். காலையிலிருந்து எதுவும் சாப்பிடாததால் ஒன்றும் வரவில்லை, கசப்பான தண்ணீரைத் தவிர.

வீட்டுக்கு வந்தபோது பந்தலைப் பிரித்திருந்தார்கள். பிணம் போன வீட்டைக் கழுவிவிட வேண்டும். செல்லம்மா யாரையும் தொடவிடாமல் தானே குழாயடியிலிருந்து வாளி வாளியாகக் கொண்டுவந்து, உள்ளேயிருந்து வாசல் நோக்கித் துடைப்பத்தால் தள்ளிக்கொண்டிருந்தாள். பூவிதழ்களும் அரிசியும் சாம்பலும் கலந்து கறுத்த தண்ணீர் சிமெண்டுத் தரையில் ஓடிவந்தது.

சாரதா கதவோரத்தில் கால் வைத்த பலகையில் உட்கார்ந்திருந்தாள்.

"நான் ஊத்தட்டுமாம்மா?"

செல்லம்மா அடுத்த வாளியைச் சாய்த்தாள். தண்ணீர் பலகைக்கு அடியில் வந்தபோது, சாரதா இரண்டு காலையும் தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். துடைப்பம் அவளுக்குக் கீழே ஒருமுறை போய்விட்டு, வாசலைத் தாண்டிப் போனது.