அர்வில்லா ஏற வேண்டிய வண்டி

கூதிர்காலம் இன்னும் மலையிறங்கவில்லை. ஆயினும் அதன் வருகையைக் காற்று முன்னமே அறிவித்துவிட்டது. அமெரிக்காவில் யூட்டா மாநிலத்தின் அந்தப் பள்ளத்தாக்கில் கோடை விடைபெறும்போது ஆரவாரம் செய்வதில்லை. முதலில் புல் தன் பசுமையை மெல்லத் துறக்கும். பின்னர் ஓடைகளின் குரல் தாழும். அறுவடை முடிந்த வயல்களின்மேல் மாலை ஒளி, நெடுநாள் நோன்பிருந்தவர் முகம்போல இளைத்தும் தெளிந்தும் நிற்கும். அதன்பிறகே உச்சிச் சரிவுகளில் ஆஸ்பென் மரங்கள் பொன்பூணும். வெண்ணிற அடிமரமும், வட்ட இலையும், காற்றில்லாப் பொழுதிலும் நடுங்கும் காம்பும் உடைய மரங்கள் அவை. மலைமுகடு முழுவதும் ஒருசேரப் பொன்னாகி, ஒரு பெருங்காற்றில் ஒருசேர வறிதாகும். இடைப்பட்ட காலம் மிகக் குறுகியது. அப்போது மலையேறிச் சென்று அம்மரங்களைக் காண்பதை அவ்வூரார் வழிபாட்டுக்கு அடுத்த கடமையாகவே கொண்டிருந்தனர்.

வெர்லன் ஆஸ்லரும் அவர் மனைவி அர்வில்லாவும் மணமான ஆண்டுமுதல் அக்கடமையில் தவறியதில்லை. பள்ளத்தாக்கின் அடியிலிருந்து செங்குத்தான ஒற்றையடிப் பாதையில் ஏறி, உச்சித் தோப்பில் ரொட்டியும் ஆப்பிளும் உண்டு இறங்குவது அவர்கள் வழக்கம். இவ்வாண்டு வசந்தத்தில் அர்வில்லாவுக்கு இடுப்பு மூட்டு மாற்று அறுவை செய்தார்கள். இனிச் சமதரையில் மட்டுமே நடக்கலாம், அதுவும் கைத்தடியோடு என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அன்று வீடு திரும்பும் வழியில் அவள் மலைப்பக்கம் பார்க்கவேயில்லை. அதைக் கண்ட வெர்லனுக்கு நெஞ்சு பொறுக்கவில்லை.

"நீ நடக்கவே வேணாம்," என்றார். "மலையேறுற வண்டி ஒண்ணு வாங்கறேன். இந்த வருஷம் இலை உதிர்றதுக்குள்ள உன்னை அந்தத் தோப்புல கொண்டுபோய் நிறுத்தறேன்."

"சத்தியமா?"

"சத்தியமா."

வண்டி வந்தது. கரும்பச்சை நிறம், நான்கு சக்கரமும் இழுக்கும் திறம், ஏறுவதற்கு வசதியாக இருபுறமும் படிப்பலகை. அர்வில்லா அப்பலகையில் கால்வைத்து, கைப்பிடியைப் பற்றி, முனகாமல் ஏறி அமர்ந்தாள். அந்த நொடியிலேயே வெர்லன் எஞ்சினை முடுக்கி மலைக்குப் புறப்பட்டிருந்தால் சொல்வதற்கு ஒன்றும் இருந்திராது. ஆனால் அது ஜூன் மாதம். இலைகள் பச்சையாக இருந்தன. ஆசைக்கு நிறைய அவகாசம் இருந்தது.

அவ்வகை வண்டி வைத்திருப்பவர்கள் சாலையில் எதிர்ப்படும்போது ஒருவருக்கொருவர் கையசைப்பது மரபு. வெர்லன் முதல் வாரம் முழுவதும் கையசைத்தார். உயர்ந்த வண்டிகளில் வந்தவர்கள் அவர் தலைக்கு மேலாகத் தொடுவானத்தைப் பார்த்தபடி சென்றார்கள். மெச்சத்தக்க வண்டியின் கதவுப்பிடியில் முன்பின் அறியாதவர்கள் ரப்பர் வாத்து ஒன்றை வைத்துச் செல்வதும் அக்குலத்தாரின் வழக்கம். வெர்லனுக்கு ஒரு வாத்தும் கிட்டவில்லை. அறுபத்தொரு வயதில், ஊரிலுள்ள பிள்ளைகளில் பாதிப்பேரின் பற்களைக் கம்பிகட்டி நேராக்கிய மருத்துவருக்கு, ஒரு ரப்பர் வாத்துக்காக மனம் ஏங்கியது.

நெடுஞ்சாலையோரப் பட்டறையின் உரிமையாளர் ரைகர். கையில் எந்நேரமும், பனிக்கட்டி நிரப்பித் தேங்காய்ச் சாறும் பாலேடும் ஊற்றிய வாளியளவு சோடா இருக்கும். அவன் வெர்லனின் வண்டியை ஒருமுறை சுற்றிவந்து, துக்கம் விசாரிக்கும் குரலில் பேசினான்.

"டாக்டர், இந்த டயர்லயா மலைக்குப் போறீங்க?"

"ஏன், டயருக்கு என்ன?"

"ஒண்ணுமில்ல. மளிகைக் கடைக்குப் போறதுக்கு அருமையான டயர்."

வெர்லனுக்குச் சுருக்கென்றது. "பெரிய டயர் போடலாமா?"

"போடலாம். ஆனா சக்கரக் கூண்டுல இடிக்கும். அதுக்கு வண்டியத் தூக்கணும். ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர் எல்லாம் நீளமா மாத்தினா ரெண்டு அங்குலம் உசரும்."

ரெண்டு அங்குலம் என்பது வெர்லனுக்கு அளவான ஆசையாகவே தோன்றியது. அந்த ஞாயிறு, ஆராதனை முடிந்து வெளியே வருகையில், பக்கத்து வீட்டு டெல்வினிடம் அதைச் சொன்னார். டெல்வின் பாடகர் குழுவில் அடித்தொண்டைக் குரலுக்குரியவர். கடன்வாங்காமல் வாழ்ந்தும் வண்டிகளை விடாமல் வாங்குபவர்.

"ரெண்டு அங்குலமா?" டெல்வின் நின்றுவிட்டார். "பிரதர் வெர்லன், நாம என்ன, தலையில தண்ணி தெளிச்சிட்டு ஞானஸ்நானம்னு சொல்ற ஆளுங்களா? முங்கினா முழுசா முங்கணும். மூணரை போடுங்க."

"மூணரை அதிகமில்ல?"

"மூணரை போட்டவன் எவனாவது குறைச்சிருக்கானா, சொல்லுங்க பாப்போம்?"

வெர்லன் மனத்துள் மூன்றரை என்று எழுதிக்கொண்டார். மாலைகளில் அவர் கணினி முன் அமர்ந்து, முகம் தெரியாத ஞானிகளின் விவாதங்களைப் பயிலலானார். சுருள்வில்லின் தடிமன் குறித்து அங்கே சமயப் போர்களே நடந்தன. ஒரு நிறுவனத்தின் ஷாக் அப்சார்பரைப் புகழ்ந்தவனை மற்றொரு நிறுவனத்தின் அடியார்கள் நரகத்துக்கு அனுப்பினார்கள். எல்லாவற்றையும் கேட்டார்கள்: எடை எவ்வளவு, பல்சக்கர விகிதம் என்ன, எந்த நிறம். எந்த மலைக்கு, எந்த வழியாகப் போகிறீர் என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. வெர்லனும் சொல்லவில்லை.

மூன்றரை அங்குலம் உயர்ந்தது. பெரிய டயர் பூண்டது. டயரின் எடையால் மேட்டில் எஞ்சின் திணறியது. ஆகவே சக்கர அச்சின் உள்ளிருந்த பல்சக்கரங்களை மாற்றினார்கள். உயரத்தால் ஸ்டியரிங் நடுங்கியது. ஆகவே அதன் தண்டுகளை மாற்றினார்கள். எடை கூடியதால் பிரேக் போதவில்லை. ஒரு பல்லை அசைத்தால் வரிசையே அசையும் என்று நாள்தோறும் பெற்றோருக்குப் பாடம் சொல்லும் மருத்துவர், ஒவ்வொரு முறையும் வியப்போடு பட்டறைக்குத் திரும்பினார்.

பழைய அடியார்கள் இறைவனைத் திருவடியில் தொடங்கித் திருமுடிவரை பாடிப் பரவுவதுபோல, வெர்லனும் இப்போது விருந்தினரிடம் வண்டியைச் சக்கரத்தில் தொடங்கிக் கூரைவரை பரவினார். சேற்றை உதறும் வரிப்பள்ளம் வாய்ந்த டயர்கள்; யானைத் துதிக்கையென நீண்டு சுருங்கும் ஷாக்குகள்; கவிழ்ந்த வண்டியையும் கம்பிவடத்தால் இழுத்து மீட்கும் வின்ச் தாங்கிய எஃகு பம்பர்; அந்தகாரம் அகற்றும் விளக்கு வரிசை; கூரைமேல் விரியும் கூடாரம். கேட்டவர்கள் வாய்விட்டு 'ஆமென்' சொல்லாததுதான் குறை.

அந்த வளர்ச்சியின் ஒவ்வொரு படியிலும் அர்வில்லா ஏறிப் பார்த்தாள். முதல் உயர்வுக்குப்பின் கைப்பிடியைப் பற்றித் தொங்கி ஏறினாள்.

"ஏறிட்டேன்," என்றாள் உள்ளிருந்து. "இறங்கறது எப்படின்னும் உன் கடைக்காரன்கிட்ட கேட்டியா?"

பெரிய டயர்களுக்குப்பின் சமையலறை முக்காலி தேவைப்பட்டது. ஆகஸ்டில் படிப்பலகையைக் கழற்றினார்கள். அது பாறையில் இடிக்கும் என்றான் ரைகர். அதற்குப் பதிலாகப் பாறையைத் தாங்கும் இரும்புச் சட்டம் ஒன்றை வண்டியின் வயிற்றோடு ஒட்டிப் பொருத்தினான். அதில் பாறை அமரலாம். மனிதர் கால் அமராது.

அன்று அர்வில்லா வண்டியருகே கைத்தடியோடு நின்றாள். இருக்கை அவள் நெஞ்சளவு இருந்தது.

"வெர்லன், இது யாருக்காக வாங்கின வண்டி?"

"உனக்காகத்தான். இதென்ன கேள்வி?"

"இல்ல, எனக்கு அதோட அடிவயிறுதான் நல்லாத் தெரியுது. அதான் கேட்டேன்."

வெர்லன் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. அந்த வாரமே அவர் கதவுப்பிடியில் முதல் ரப்பர் வாத்து வந்து அமர்ந்திருந்தது. அம்மகிழ்ச்சியில் அவள் சிரிக்காததை அவர் கவனிக்கத் தவறினார்.

செப்டம்பர் இறுதியில் முகடுகள் பொன்னாயின. ஊரெல்லாம் மலைக்குப் போய்வந்தது. வெர்லனின் வண்டி, அஞ்சலில் வந்துகொண்டிருந்த ஏதோ ஒரு புதிய திருகாணிக்காகப் பட்டறையில் காத்திருந்தது. அர்வில்லா ஒவ்வொரு காலையும் சமையலறைச் சன்னல்வழியே முகட்டைப் பார்த்தாள், ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வெர்லனுக்குச் சற்று எளிதாக இருந்திருக்கும்.

வண்டி ஒரு வெள்ளி மாலை வீடு வந்தது. கூடாரத்தின் உயரத்தால் கொட்டகைக்குள் நுழையாமல் முற்றத்திலேயே நின்றது. மறுநாள் காலை வானொலி, அன்று மாலைக்குள் புயற்காற்று வருமென்று அறிவித்தது. ஞாயிறு ஓய்வுநாள், அன்று உல்லாசப் பயணம் அவ்வீட்டில் இல்லை. திங்கட்கிழமை முகட்டில் வெறுங்கிளைகளே நிற்கும்.

அர்வில்லா நீலக் கம்பளி மேலாடை அணிந்து, ரொட்டிக் கூடையோடு முற்றத்துக்கு வந்தாள். முக்காலியை வைத்துப் பார்த்தார்கள். எட்டவில்லை. ஏணியைச் சாய்த்தார்கள். அவ்வளவு உயரம் முழங்காலைத் தூக்கினால் புதிய மூட்டு நழுவிவிடும் என்று மருத்துவர் எச்சரித்திருந்தார். அவள் ஏணியைப் பார்த்துவிட்டு அவரைப் பார்த்தாள். வெர்லன் தம் வாழ்நாளில் முதன்முறையாக அந்த வண்டியை அவள் நின்ற இடத்திலிருந்து பார்த்தார். அது ஒரு சுவர்.

ஆனால் சபையின் ஆண்கள் இருக்கும்வரை அவ்வூரில் எவரும் தனித்து விடப்படுவதில்லை. பியானோவை மாடிக்கு ஏற்றவும், வீடு மாறுவோரின் கட்டிலைச் சுமக்கவும் சொல்லாமலே கூடும் சகோதரர்கள் அவர்கள். பக்கத்து வீட்டிலிருந்து இதைக் கண்ட டெல்வின் தொலைபேசியை எடுத்த சற்று நேரத்தில் அறுவர் கையுறை அணிந்து முற்றத்தில் நின்றார்கள். ஒருவர் பியானோ தூக்கும் வார்ப்பட்டையையே கொண்டுவந்திருந்தார்.

"சிஸ்டர் அர்வில்லா, நீங்க ஒண்ணும் கவலைப்படாதீங்க," என்றார் டெல்வின். "ரெண்டு பேர் தோள், ரெண்டு பேர் இடுப்பு. மேல ஒருத்தர் வாங்கிக்குவாரு."

"இடுப்பு நேத்துதான் பொருத்தின மாதிரி இருக்கு பிரதர். வாங்கிக்கிறவர் எதை வாங்குவாரு?"

"அப்ப வின்ச்சுல கட்டித் தூக்கலாமா?" என்றார் வார்ப்பட்டைக்காரர், முழுப் பரிவோடு.

"நான் என்ன, பள்ளத்துல விழுந்த மாடா?"

சகோதரர்கள் தரையைப் பார்த்தார்கள். டெல்வின் வண்டியைச் சுற்றிவந்து, தாடையைத் தடவியபடி கேட்டார். "சரி, அப்படி எந்தப் பாறைக்காட்டுக்குத்தான் போறீங்க ரெண்டு பேரும்? தெக்க, சிவப்புப் பாறைப் பக்கமா?"

"இல்ல," என்றாள் அர்வில்லா. "மேல, ஆஸ்பென் தோப்புக்கு. வருஷாவருஷம் நடந்து போவோமே, அங்கதான்."

டெல்வின் அவர்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்தார்.

"அந்தத் தோப்புக்கா? அதுக்குத்தான் கிழக்குப் பக்கம் தார் ரோடு இருக்கே! ரோடு தோப்பு வாசல்லயே முடியுது. போன வியாழக்கிழமை எங்க அம்மாவ மினிவேன்ல கூட்டிட்டுப் போனேன். பள்ளிக்கூட பஸ்ஸே போகுது பிரதர்."

எப்போதும் மேற்கே அடியிலிருந்து நடந்தே ஏறிய வெர்லன், மலையின் மறுபுறத்தில் என்ன இருக்கிறதென்று ஒருநாளும் பார்த்ததில்லை. எத்தனையோ மாலைகள் கணினிமுன் கழித்தவர், வரைபடத்தை ஒருமுறையும் விரித்ததில்லை.

"இதை முன்னாடியே சொல்லக்கூடாதா?" என்றார் நலிந்த குரலில்.

"எங்க போறீங்கன்னு நீங்க சொல்லவே இல்லையே," என்றார் டெல்வின். பிறகு, நேர்மையாளர் ஆகையால், "நானும் கேக்கல," என்றும் சேர்த்துக்கொண்டார்.

அர்வில்லா கூடையைக் கீழே வைத்துவிட்டுச் சிரிக்கத் தொடங்கினாள். கைத்தடியை ஊன்றி, கண்ணில் நீர்வரச் சிரித்தாள். அறுவரும் முதலில் அஞ்சி, பிறகு அவளோடு சேர்ந்து சிரித்தார்கள். வெர்லன் சிரிக்கவில்லை. உள்ளே சென்று, அவளுடைய பழைய காரின் சாவியையும் தடித்த மெத்தைத் திண்டு ஒன்றையும் எடுத்துவந்தார். திண்டை இருக்கையில் இட்டு, தட்டிச் சமன்செய்து, கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவள் எளிதாக அமர்ந்தாள்.

கிழக்குப் பக்கத் தார்ச்சாலையில் மலையேறினார்கள். எதிரே உயர்ந்த வண்டிகள் இறங்கி வந்தன, எவரும் கையசைக்கவில்லை, அவர் அதை எதிர்பார்க்கவும் இல்லை.

"ஏதாவது பேசேன்," என்றாள் அர்வில்லா.

"உனக்குச் செய்யறேன்னு சொல்லிச் சொல்லி எனக்கே செஞ்சுக்கிட்டேன்."

"தெரியும்."

"தெரிஞ்சும் ஏன் ஒண்ணும் சொல்லல?"

"சொன்னேன். உனக்குக் காது அவ்வளவு உசரத்துல இருந்துச்சு."

தார்ச்சாலை தோப்பின் வாசலில் முடிந்தது. காற்று அப்போதுதான் எழத் தொடங்கியிருந்தது. முகடு முழுவதும் எரியாத நெருப்பாய் நின்றது. ஒவ்வொரு அசைவிலும் பொன்னிலைகள் கலகலத்துப் பிரிந்து, அவசரமின்றி இறங்கின. அர்வில்லா கதவைத் திறந்து, கால்களை வெளியே வைத்து, இருக்கையின் விளிம்பில் அமர்ந்தபடியே நெடுநேரம் பார்த்தாள். எழ முயன்றவள் தயங்கினாள். அவள் காலணியின் கயிறு அவிழ்ந்து கிடந்தது. புதிய இடுப்போடு அவளால் அவ்வளவு குனிய முடியாது.

அவள் சொல்வதற்கு முன்பே வெர்லன் கண்டார். சரளைத் தரையில் இரு முழங்கால்களையும் ஊன்றி, அவள் பாதத்தைத் தம் தொடைமேல் வைத்து, கயிற்றில் ஒட்டிய மண்ணைத் துடைத்து, இறுக்கமும் தளர்வும் இன்றி முடிச்சிட்டார். மற்ற காலணியின் முடிச்சையும் அவிழ்த்து, மீண்டும் அதேபோல் கட்டினார். கட்டி முடித்தபின்னும் எழவில்லை. கைகளை மார்பின்மேல் மடித்து, தலைதாழ்த்தி, கேளாத குரலில் நன்றி சொன்னார். அவர் உதடு நின்றபோது அர்வில்லாவும் ஆமென் என்றாள்.

பின்னர் அவள் தன் கையை அவருடைய நரைத்த தலையின்மேல் வைத்தாள்.

"ஆண்டவர் உன்னைக் காக்கட்டும், வெர்லன். உன் கால் வழுக்காம இருக்கட்டும். உன் மனசு நோகாம இருக்கட்டும். நாம ரெண்டு பேரும் பாக்கற வசந்தம் இன்னும் நிறைய இருக்கட்டும்."