இடது தோளில் ஒரு தட்டு

திருவனந்தபுரம் கரமனை ஆட்டோ ஸ்டாண்டில் பஞ்சாபகேசன் சாருக்கு ஃபிளெக்ஸ் பேனர் வைத்திருக்கிறார்கள். நீலத் தொப்பி, மார்பில் பதக்கம், பின்னால் நாலு எஞ்சின் விமானம். கீழே மலையாளத்தில் என்னமோ எழுதியிருக்கிறது. மூன்றாம் வகுப்போடு நின்றவன் நான், அதுவும் தமிழ்ப் பள்ளிக்கூடம். என் மகன் ஷிபுதான் வாசித்துச் சொன்னான், ‘வழி தவறாத வீரர்’ என்று. அதற்குக் கீழேதான் நான் வண்டியை நிறுத்துகிறேன். வெயிலுக்கு நல்ல மறைப்பு.

சாருடைய கதை தெருவுக்கே மனப்பாடம். எழுபத்தொன்றில் பாகிஸ்தான் சண்டை. சார் கடற்காவல் விமானத்தில் நேவிகேட்டர். விமானத்தை ஓட்டுகிறவர் இல்லை, எந்தப் பக்கம் ஓட்ட வேண்டும் என்று ஓட்டுகிறவருக்குச் சொல்கிறவர். அரபிக்கடல் மேலே நாள் முழுக்கப் பறந்து எதிரிக் கப்பல் தட்டுப்படுகிறதா என்று தேடுவது வேலை. ஒரு நாள் திரும்பும்போது எஞ்சின் ஒன்று நின்றுபோயிற்று. ரேடியோவும் செத்துவிட்டது. கீழே கடல் தெரியாதபடி மேகம். சார் பென்சிலும் ஸ்கேலும் வைத்துக் கணக்குப் போட்டு வழி சொல்லி, விமானத்தில் இருந்த அத்தனை பேரையும் கரைசேர்த்தாராம். அதற்குத்தான் பதக்கம்.

நான் நம்பவில்லை. சாரிடம் எனக்கு ஒரு பகையும் கிடையாது. நான் எதையுமே நம்புவதில்லை. வண்டியில் பெட்ரோல் காட்டுகிற முள்ளை நம்பாமல் டாங்கில் குச்சி விட்டுப் பார்க்கிற ஆள். பாசஞ்சர் சொல்கிற வழியை ஒரு நாளும் நம்பினது கிடையாது. “இப்படிப் போனா கிட்டப்பா” என்று ஒருத்தர் சொன்னால் அது தூரம் என்று எடுத்துக்கொள்வேன். ஸ்டாண்டில் மற்றவர்கள் என்னைக் கேலி செய்வார்கள். பிச்சைக்கனி அண்ணன் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்தால்கூட ‘நீ யாருடே’ என்று கேட்பார் என்று.

அப்படிப்பட்ட என்னைத்தான் சார் கூப்பிட்டார்.

நடந்தது இது. ஆரியசாலைக் கடைவீதிக்குப் புளி வாங்கப் போனவர் பஸ் மாறி ஏறி, வேறு ஊரான நெய்யாற்றின்கரையில் இறங்கி, எங்கே நிற்கிறோம் என்று தெரியாமல் அலைந்திருக்கிறார். போலீஸ்காரர்கள் உட்கார வைத்துப் பெங்களூரில் இருக்கிற மகளுக்கு போன் செய்தார்கள். மகள் மங்கலம் வந்து இறங்கினாள். தம்பானூர் ரயில் ஸ்டேஷனிலிருந்து அவளை வீட்டுக்குக் கொண்டுவந்தது நான்தான். பெட்டியை உள்ளே வைக்கும்போதே சண்டை ஆரம்பமாகிவிட்டது.

“அப்பா, அங்கே உங்களுக்கு ஒரு ரூம் ரெடியா இருக்கு. லிஃப்ட் இருக்கு. கீழேயே பார்க் இருக்கு.”

“பார்க்கைச் சுத்திச் சுத்தி வந்தா வழி தப்பாதுங்கறியா?”

“புளி வாங்கப் போனவர் போலீஸ் ஸ்டேஷன்ல உக்காந்து டீ குடிச்சிண்டிருந்தேள். நான் சிரிக்கறதா, அழறதா?”

“டீ நன்னாயிருந்தது.”

“விளையாடாதேங்கோ. இந்த ஆத்தைப் பூட்டிட்டு உங்களை அழைச்சிண்டு போகத்தான் வந்திருக்கேன்.”

கிழவர் முகம் சுருங்கிப்போனது. மனைவி செத்த வீடு அது. அதை விட்டுப் போகமாட்டார் என்று தெருவில் எல்லாருக்கும் தெரியும். பிறகு பட்டாளத்தில் பேசுகிற மாதிரி நிமிர்ந்து சொன்னார்.

“ஒரு பரீட்சை வை. பொன்முடியில நம்ம மாடம்மாள் இருக்காளே, அவ வீட்டுக்கு வழி சொல்லி உன்னை அழைச்சிண்டு போறேன். ஒரே ஒரு தடவை போயிருக்கேன். போன்ல மேப் பார்க்கமாட்டேன், ரோட்ல ஒருத்தரையும் கேக்கமாட்டேன். வழி தப்பினா, அடுத்த வண்டியிலேயே பெங்களூர்.”

மாடம்மாள் அந்த வீட்டில் ரொம்ப காலம் சமையலுக்கு இருந்தவள். முட்டுவலி வந்த பிறகு பொன்முடி மலையில் எஸ்டேட் லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீட்டில், மகளோடு இருக்கிறாள்.

“சரி, டாக்சி சொல்றேன்” என்றாள் மங்கலம்.

“டாக்சிக்காரன் மேப்பைப் போட்டுடுவான். இவன்கிட்ட பட்டன் போன்தான். ஓய் பிச்சைக்கனி, வரியா?”

ஸ்டாண்டில் பட்டன் போன் வைத்திருக்கிறவன் நான் ஒருத்தன் மட்டும் இல்லை. என்னை எதற்குக் கூப்பிடுகிறார் என்று சந்தேகமாகத்தான் இருந்தது. ஆனாலும் போனேன்.

புறப்படும்போதே சார் ஒரு ஏற்பாடு சொன்னார். ஆட்டோ சத்தத்தில் பேச்சு கேட்காது. இடது பக்கம் திரும்ப வேண்டுமானால் இடது தோளில் ஒரு தட்டு, வலது பக்கம் என்றால் வலது தோளில். தட்டாவிட்டால் நேராகப் போக வேண்டும்.

நெடுமங்காடு தாண்டும் மட்டும் தட்டு எல்லாம் சரியாகத்தான் விழுந்தது. அது பெரிய விஷயமில்லை. பச்சைப் பலகை வைத்து அம்புக்குறி போட்டிருக்கிற ரோடு, ஒரு பசுமாடுகூட வழி சொல்லிவிடும். விதுரையில் டீ குடிக்க நிறுத்தினபோது மங்கலம் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

“டிரைவர், உங்களுக்கு என்ன வயசாறது?”

“லைசென்ஸ்ல உள்ளதா, அசல் வயசா?”

“உங்க பையன் உங்களை இன்னும் ஓட்ட விடறானா? பெரியவாளுக்கு ஒரு வயசுக்கு மேல நாமதான் நிறுத்தச் சொல்லணும்.”

டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டேன். ஷிபு ஏற்கெனவே வண்டிச் சாவியைப் பூனை கருவாட்டைப் பார்க்கிற மாதிரிப் பார்க்கிறான். ‘ரெஸ்ட் எடுக்கணும் அப்பா’ என்கிறான். இன்றைக்கு ஒரு கிழவரை மூட்டை கட்டினால், நாளைக்கு என் சாவி எங்கே போகும்?

கல்லாறு தாண்டி மலை ஏறத் தொடங்கியதும் மங்கலத்துக்கு வளைவுக்கு வளைவு குமட்டியது. எலுமிச்சம்பழத்தை மூக்கில் அழுத்திக்கொண்டு கண்ணை மூடிவிட்டாள். மேலே போகப்போக மூடுபனி. எஸ்டேட் ரோட்டுக்குள் திரும்பியபோது என் வண்டியின் முன்சக்கரமே எனக்குத் தெரியவில்லை. ஹாரன் அடித்துக்கொண்டு ஊர்ந்தேன். இரண்டு பக்கமும் தேயிலைச் செடி இருக்கும் போலிருக்கிறது, வாசம் மட்டும் வந்தது.

ஓரிடத்தில் ரோடு இரண்டாகப் பிரிந்தது. பலகையும் இல்லை, ஆளும் இல்லை. நிறுத்தினேன்.

இடது தோளில் ஒரு தட்டு.

நான் வலது பக்கம் திருப்பினேன்.

மறுபடியும் இடது தோளில் தட்டு, கொஞ்சம் பலமாக. கியரை மாற்றினேன், வண்டி வலது பக்கமே போனது. மூன்றாவது தட்டு வரவில்லை.

கொஞ்ச தூரத்தில் நாய் குரைத்தது. அப்புறம் விறகுப் புகை நாற்றம். தகரக் கூரை வரிசை ஒன்று பனிக்குள்ளிருந்து வெளியே வந்தது. குழாயடியில் வாளியோடு நின்றவள் மாடம்மாள்தான்.

“எந்தம்மோ! சாரா? இந்தப் பனியிலயா வந்திய?” வாளியை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்தாள். “அந்த இடது ரோட்டுல போயிருந்தா என்ன ஆயிருக்கும் சாரே! மழையில பாதி ரோடு இடிஞ்சு கீழ போயாச்சு. போன வாரம் எஸ்டேட் டிராக்டர் அங்க தொங்கிட்டுல்லா கிடந்தது. ஒரு கம்பு நாட்டி வைக்கவும் ஆளில்ல. எப்படித் தெரிஞ்சு இந்தப் பக்கம் திரும்பினிய?”

மங்கலம் கண்ணைத் திறந்தாள். பனியைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள்.

“அப்பா! இதுல எப்படிப்பா உங்களுக்குத் தெரிஞ்சது?”

சார் என்னைப் பார்த்தார். நான் துணியை எடுத்து முன்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

“சார் தட்டுனாரு, நான் திருப்புனேன்” என்றேன். அதில் ஒரு வார்த்தை பொய் கிடையாது.

மங்கலத்துக்கு அழுகை வந்துவிட்டது. “போறும்பா. நீங்க உங்க ஆத்திலேயே இருங்கோ. நான் இனி வாயைத் திறக்கமாட்டேன்.”

“அது எப்படி இவரைக் கொண்டுபோவீய? பட்டாளத்துல மெடல் குடுத்தது சும்மையா?” என்று மாடம்மாள் வேறு எண்ணெய் ஊற்றினாள். பெண்கள் இரண்டு பேரும் உள்ளே போனார்கள். நானும் சாரும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தோம். பால் விடாத கட்டன் சாயா வந்தது.

அவர் சாயாவைக் குடிக்காமல் டம்ளரை உள்ளங்கையில் உருட்டிக்கொண்டிருந்தார்.

“நான் இடதுன்னு சொன்னேன்” என்றார்.

“தெரியும். தோள் இன்னும் வலிக்கி.”

“அன்னிக்கும் இடதுன்னுதான் சொன்னேன்.”

“என்னைக்கு?”

“சண்டையில. எஞ்சின் போன அன்னிக்கு. காத்து எந்தப் பக்கம் தள்றதுன்னு பார்க்கக் கீழே கடல் தெரியணும். தெரியலை. ஊகமாக் கணக்குப் போட்டு இடது பக்கம் திரும்புன்னேன். ஓட்டினவன் கோஷி, திருவல்லாக்காரன். சரின்னான், வலது பக்கம் திருப்பினான். விமானத்துக்குள்ள பேசற மைக்ல நான் கத்தறேன், அவன் காதுல வாங்கவேயில்லை. கொஞ்ச நேரத்துல மேகம் விலகி நம்ம கரை தெரிஞ்சது. நான் சொன்ன பக்கம் போயிருந்தா கராச்சி வாசல்ல போய் நின்னிருப்போம்.”

“பின்னே மெடல்?”

“இறங்கினதும் பெரிய ஆபீசர் கேட்டார், எப்படி வந்தேள்னு. ‘என் நேவிகேட்டர் வழி சொன்னான், நான் ஓட்டினேன்’னு கோஷி சொல்லிட்டான். அப்புறம் தனியாக் கேட்டேன். ‘நேவிகேட்டர் பேச்சை மீறினேன்னு வெளியே தெரிஞ்சா, நாளைக்கு எவன்டா என்கூடப் பறப்பான்? விமானத்துக்குள்ள நடந்தது ஏணி இறங்கி வரப்படாது’ன்னான். கடைசி வரைக்கும் அவன் வேற ஒருத்தர்கிட்டயும் சொல்லலை. அவனுக்கு ஒண்ணும் கிடைக்கலை. எனக்குப் பதக்கம்.”

சாயாவை ஒரு வாய் குடித்தார்.

“பட்டன் போனுக்காக உன்னைக் கூப்பிடலை ஓய். ஸ்டாண்டுல மத்த பசங்க எல்லாம் நான் சொன்ன பக்கம் மரியாதையாத் திரும்பிடுவா. விங் கமாண்டர் சொல்றாரேன்னு. இப்பல்லாம் என் தலையை நானே நம்பறதில்லை. என்னை நம்பாத ஒருத்தன் எனக்கு வேண்டியிருந்தது.”

என் சந்தேகம் வீண்போகவில்லை. காரணமில்லாமல் ஒருத்தர் என்னைக் கூப்பிடமாட்டார் என்று எனக்குத் தெரியும்.

“அது கிடக்கட்டும்” என்று பக்கத்தில் நகர்ந்து வந்தார். “அந்தப் பிரிவுல நீ எதைப் பார்த்து வலதுன்னு முடிவு பண்ணினே? டயர் தடமா? சத்தமா?”

“ஒண்ணும் பாக்கல்ல சாரே. நீங்க இடதுன்னீய, அதனால வலது.”

“நான் சரியா வலதுன்னு தட்டியிருந்தா?”

“இடது பக்கம் போயிருப்பேன்.”

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். பனிக்குள் அந்தப் பிரிவு இருந்த திசையையே பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை வருஷமாக மனசில் வைத்துக் கும்பிட்ட சாமி களிமண் என்று சொன்ன மாதிரி இருந்தது அவர் முகம். பிறகு தொப்பை குலுங்கச் சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் தண்ணீர் வந்தது.

“கோஷியும் இதையேதான் சொன்னான். அவன் தமாஷ் பண்றான்னு நினைச்சேன்.”

சிரிப்புச் சத்தம் கேட்டு மங்கலம் வாசலுக்கு வந்தாள். “என்ன பேசிண்டிருக்கேள் ரெண்டு பேரும்?”

“சண்டைக் கதை” என்றார் சார்.

“நீங்கதான் எதையும் நம்பமாட்டேளாமே டிரைவர். அப்பா சொன்னார். இப்பவாவது நம்பறேளா?”

“இன்னைக்குத்தான் முதல் தடவையா நம்புதேன்” என்றேன்.

மங்கலம் பெங்களூர் போய்ச் சேர்ந்ததும் ஸ்டாண்டில் வைக்க அந்த ஃபிளெக்ஸுக்குச் சொல்லிவிட்டாள்.