டின் பக்கெட் மறுபடி சேர்ந்த வாரம்

டின் பக்கெட் இசைக்குழு மறுபடியும் ஒன்றுசேர்ந்து வாசிக்கப்போகிறது என்று பப் வாசலில் பலகை வைத்த அன்றே, தென் ஆஸ்திரேலியாவின் இரும்பு ஊரான வயல்லாவில், "அந்தக் காலத்துல அவங்க கச்சேரிக்கு நான் தவறாம போவேன்" என்று பொய் சொன்ன ஒவ்வொருவர் உடம்பிலிருந்தும் பழைய பப் கம்பளத்தின் நாற்றம் வர ஆரம்பித்தது. புளித்த பீர், ஈர நாய், எவனோ எடுத்த வாந்தி, அதன்மேல் ஊற்றிய பினாயில், எல்லாம் கலந்த நாற்றம். முதலில் நாறியவர் பல் டாக்டர். அடுத்து மேயரம்மா; அவர் வானொலிப் பேட்டி முடிவதற்குள் அறிவிப்பாளர் எழுந்து வெளியே போய்விட்டார். வாரக் கடைசிக்குள் ஊரில் பாதி நாறியது. சோப்பு விலை ஏறியது. மற்றபடி எல்லா வேலையும் நடந்தது.

மீன்கடையில் வேலை பார்த்த கிளெனிஸ் ஹாடோ மட்டும் நாறவில்லை. அவள் நிஜமாகவே போனவள். அந்தக் காலத்து வெள்ளிக்கிழமைகளில் இரும்பாலைக்காரர்கள் அந்தப் பப்புக்கு வந்தது, இறைச்சித் தட்டைப் பரிசாகத் தரும் சீட்டுக் குலுக்கலுக்காகத்தான். பாட்டை நடுவில் நிறுத்தி நம்பர் வாசிப்பார்கள். ஆட்டுத்தொடை யாருக்கென்று தெரிந்ததும் கூட்டம் கலைந்துவிடும். கிளெனிஸ் நின்று கேட்பாள். எந்த ரெக்கார்டிலும் வராத 'ஆறு மணிச் சங்கு' பாட்டை இன்னொரு தடவை கேட்டுவிட்டால் போதும் என்று முப்பது வருஷம் மீன் அறுத்தாள். பலகையைப் பார்த்துவிட்டு வந்து ஐஸ்பெட்டிமேல் உட்கார்ந்து அழுதாள், பிறகு ஈரக் கையோடு போய் டிக்கெட் வாங்கினாள். ஆனால் கடைக்கு வந்தவர்கள் அவளிடமே பழைய கச்சேரிகளை வர்ணித்தபோது அவளுக்குக் குமட்டியது.

"நான் முன்னாடிதானே நிப்பேன், ஞாபகமில்லையா கிளென்?" என்றான் டயர் கடை ரஸ்.

"நீ நின்னது குலுக்கல் மேசைகிட்ட. சாசேஜ் ஜெயிச்ச, ஓடிப்போன. தள்ளி நில்லுப்பா, மீனு கெட்டுடும்."

கச்சேரி அன்று கூடத்தில் மூச்சுவிட முடியவில்லை. புது முதலாளி கம்பளத்தைப் பிய்த்தெறிந்து பளபளவென்று மரத்தளம் போட்டிருந்தார். நாற்றம் ஆட்களோடு உள்ளே வந்தது. இப்போது வீட்டுத் தரகனாகிவிட்ட பாடகன் கெவ் மல்கேஹி, இந்த அறை அந்தக் காலத்திலும் இப்படித்தான் நிரம்பி வழியும் என்று மைக்கில் சொன்னான். சொன்ன கணமே அவனும் நாறினான். டிரம் வாசிப்பவள் ஸ்டூலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். கிளெனிஸ் அருவருத்துப்போய்க் கதவுப் பக்கம் திரும்பும்போது ஆறு மணிச் சங்கின் கிட்டார் ஆரம்பித்தது. இரண்டாவது வரியிலேயே கெவ்வுக்கு வார்த்தை மறந்துபோயிற்று. சிரித்துக்கொண்டே மைக்கைக் கூட்டத்துக்கு நீட்டினான். தவறாமல் வந்தவர்கள் அத்தனை பேரும் உதட்டை அசைத்தார்கள்; ஒரு வாயிலிருந்தும் சத்தம் வரவில்லை. கிட்டார் தடுமாறியது.

கிளெனிஸ் அவர்களையெல்லாம் தள்ளிக்கொண்டு மேடை ஏறினாள்.

"மைக்கைக் குடுடா. நீ போய் அந்தப் பக்கம் காத்துல நில்லு."

ஒரு கையால் மூக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு பாட்டை முதலிலிருந்து கடைசிவரை பாடினாள்.

வானொலிக்காரர்கள் பதிவு செய்தது அதைத்தான். இப்போது வயல்லாவில் கல்யாணமானாலும் கால்பந்தில் ஜெயித்தாலும் எல்லோரும் மூக்கைப் பிடித்துக்கொண்டு அதைப் பாடுகிறார்கள். பாட்டே அப்படித்தான் என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். அன்று கிளெனிஸ் பாடியதை நேரில் கேட்டேன் என்பவர்கள் வருஷத்துக்கு வருஷம் கூடுகிறார்கள். அதனால் அந்த ஊர்ப் பேருந்துகளில் மழை பெய்தாலும் யாரும் ஜன்னலைச் சாத்துவதில்லை.