முப்பத்தொன்றாம் கேள்வி

பொய் சொல்லத் தெரியாத ஒரு பெண்ணிடம் நான் பொய் எழுதி வாங்கினேன். அதற்கு எனக்குச் சம்பளமும் பயணப்படியும் உண்டு.

1998-இல் டெல்லியில் ஒரு குழு, வைரஸ் வந்தால் நாட்டின் கம்ப்யூட்டர்கள் தாங்குமா என்று அளந்து பார்க்க, நாற்பது கேள்விகள் கொண்ட படிவத்தை அனுப்பியது. கோவை மாவட்ட அலுவலகங்களில் அதை நிரப்பி வாங்கி, நேரில் சரிபார்த்துக் கையெழுத்துப் போடும் வேலை கதிரேசனாகிய என் தலையில் விழுந்தது.

ஆயுத பூஜை முடிந்த வாரம், துடியலூரில் இருந்த பருத்தி விதை ஆய்வு மையத்துக்குப் போனேன். இயக்குநர் தம்பிதுரை வாசலுக்கே வந்து அழைத்துப் போனார். முதலில் இளநீர், பிறகு பூஜையில் மிஞ்சிய பொரிகடலை, மத்தியானம் அவர் வீட்டிலிருந்து கேரியரில் சாப்பாடு. வயிறு நிறைந்த பிறகுதான் படிவத்தைக் கையில் எடுத்தேன்.

கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டவள் சாந்தாமணி. அன்னூரிலிருந்து பஸ்ஸில் வந்து போகிறவள். ஐந்து வருடமாகத் தற்காலிக வேலை. அடுத்த வருடம் நிரந்தரமாகும் என்ற நம்பிக்கையில் இருந்தாள். முப்பத்தொன்றாம் கேள்வி இது: "நகல் எடுத்து வைத்த பிளாப்பிகளிலிருந்து தகவல்களை மீட்டுச் சரிபார்த்தீர்களா?" அவள் 'இல்லை' என்று எழுதியிருந்தாள்.

"ஏனுங்க அம்மணி, நகல் எடுக்கலையா?"

"எடுத்திருக்கறனுங்க சார். ஆனா படிக்க மாட்டீங்குதுங்க." பிளாப்பிப் பெட்டியைத் திறந்து காட்டினாள். ஒவ்வொன்றின் நடுவிலும் சந்தனம், அதன் மேல் குங்குமம். பூஜையன்று தம்பிதுரை தன் கையாலேயே வைத்த பொட்டு. ஈரச் சந்தனம் தகட்டு மூடிக்குள் இறங்கிக் காய்ந்து கிடந்தது.

"புதுசு கேட்டனுங்க. சாமி கும்புட்டதைத் தூக்கி வீசறதா கண்ணுன்னு சார் சொல்லிப்போட்டாருங்க. நீங்க 'இல்லை'ன்னு கொண்டு போனீங்கன்னா டெல்லியில இருந்தாச்சும் புது டிஸ்க் வருமுங்க."

அவள் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. ஆனால் அப்போதுதான் அந்த மனிதர் வீட்டுச் சோற்றைச் சாப்பிட்டிருந்தேன். அவர் வைத்த பொட்டால் பிளாப்பி கெட்டது என்று எப்படி எழுதுவது? முகத்தை எங்கே வைத்துக்கொள்வது?

"ஒண்ணு ரெண்டாவது படிக்குதில்லீங்க?"

"ரெண்டு படிக்குதுங்க."

"அப்பறமென்ன, 'ஆம்'னே போடுங்க. வேலை நிரந்தரமாகற நேரத்துல சார் மனசை எதுக்கு நோகடிக்கறீங்க?"

"அது பொய்யுங்களே சார்."

"பாதி நெசமுங்க. புது டிஸ்க்குக்கு நான் தனியாச் சொல்லிக்கறேன்."

வெள்ளை மையால் அழித்து, 'ஆம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். கீழே நானும் போட்டேன். புது டிஸ்க்கைப் பற்றி யாரிடமும் சொல்லவில்லை. சொல்லக் கூடாது என்றில்லை, மறந்துபோனேன். அதுதான் இன்னும் அசிங்கம்.

ஏப்ரலில் வைரஸ் வந்தது. ஒரே காலையில் ஆறு வருட விதைக் கணக்கும் அழிந்தது. எந்த ஊர் மண்ணில் எந்த விதை முளைத்தது, எது பட்டுப்போனது என்று காடுகாடாகப் போய்க் குறித்து வந்தது அத்தனையும் போயிற்று. பிளாப்பிகளில் இரண்டுதான் படித்தன.

விசாரணை நடந்தது. 'ஆம்' என்று எழுதியிருக்கிறாளே, ஏன் ஏமாற்றினாள் என்று கேட்டார்கள். வெள்ளை மைக்கு அடியில் என்ன இருந்தது என்று யாரும் கேட்கவில்லை. தம்பிதுரை தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். விசாரணை அதிகாரி என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"இதை அந்தப் பொண்ணே எழுதினதுதானே?"

சாந்தாமணி என்னைப் பார்த்தாள். நான் பேசுவேன் என்று நம்பிய பார்வை.

"ஆமாங்க, அவங்க கையெழுத்துத்தானுங்க" என்றேன். அதுவும் பாதி நிஜம்.

அன்றே அவளை வேலையைவிட்டு நிறுத்தினார்கள். வராந்தாவில் என்னிடம் வந்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் எவ்வளவோ தேவலை.

"உங்க படிவத்துல ஒரு கேள்வி உட்டுப்போச்சுங்க சார். 'இல்லை'ன்னு நெசத்தை எழுதினா, எழுதினவளை உங்களால காப்பாத்த முடியுமான்னு ஒண்ணு சேத்திக்கோங்க" என்று சொல்லிவிட்டுப் பஸ்ஸுக்குப் போனாள்.

செப்டம்பரில் டெல்லியிலிருந்து அறிக்கை வந்தது. எங்கள் மாவட்டம் தொண்ணூற்று நான்கு சதவீதம் தயார். எனக்குப் பாராட்டுக் கடிதம். கூடவே அடுத்த சுற்றுக்கான படிவம், இந்த முறை எங்கள் அலுவலகத்துக்கும் சேர்த்து. ஆயுத பூஜை கழிந்து அதை நிரப்ப உட்கார்ந்தேன். அலமாரியைத் திறந்தால், எங்கள் பிளாப்பிகளிலும் சந்தனம், குங்குமம்.

முப்பத்தொன்றாம் கேள்விக்கு 'இல்லை' என்று எழுதினேன். மேலதிகாரி படித்தார். வெள்ளை மைப் புட்டியை என் பக்கம் நகர்த்தி வைத்தார்.

எடுத்துக்கொண்டேன்.