பச்சைக்கு அடியில்

"அவங்க வந்துட்டுப் போற வரைக்கும் நீ வாயத் திறக்கவே கூடாது," என்றாள் அண்ணி. "சிரிக்கவும் வேணாம். முக்கியமா சிரிக்கவே வேணாம்."

அடுக்களையில் கோப்பைகளைத் துடைத்துக்கொண்டிருந்த மைக்கக்கா சரி என்று தலையாட்டினாள். ஊர்ப் பேருந்து நிலையத்தில் எந்த வண்டி எந்த மேடையில் நிற்கிறது என்று ஒலிபெருக்கியில் சொல்வது அவள் வேலை. அந்தப் பெயர் ஓட்டுநர்கள் வைத்தது. ஊரே தினமும் கேட்கிற குரல் அது. ஆனால் குரலுக்கு உரியவளைத் தெருவில் பார்த்து அடையாளம் சொல்லக்கூடியவர்கள் பத்துப் பேர் இருந்தால் அதிகம். கதவு சாத்திய சின்ன அறை, ஒரு நாற்காலி, ஒரு மைக். அங்கே அவள் வாயைப் பார்க்க ஆள் கிடையாது. அதற்காகவே அந்த வேலையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

அவள் முன்பற்களில் மஞ்சளும் பழுப்புமாகக் கோடுகள் விழுந்திருந்தன. ஓரங்கள் அரித்துப்போயிருந்தன. சின்ன வயதில் பல் தேய்க்கச் சோம்பல்பட்டவள் என்று வெளியூர்க்காரர்கள் நினைத்துக்கொள்வார்கள். இந்தத் தெருப் பெண்கள் அளவுக்கு உலகத்தில் யாரும் பல் தேய்த்திருக்க மாட்டார்கள். ஈறு கிழியத் தேய்த்தாலும் போகாது. அழுக்காக இருந்தால்தானே போக?

குற்றம் தண்ணீருடையது. தெருமுனையில், இவர்கள் வீட்டு வாசலை ஒட்டி, ஒரு ஆழ்துளைக் கிணற்றுக் குழாய் இருந்தது. அதன் தண்ணீரில் ஃப்ளோரைடு அளவுக்கு மீறிக் கலந்திருந்தது. அளவோடு இருந்தால் பல்லுக்கு உறுதி தருகிற அதே பொருள்தான், பற்பசையில்கூடப் போடுகிறார்கள். அளவு மீறினால் பிள்ளைகளின் பல்லைத் தின்றுவிட்டு, வருடக்கணக்கில் குடிப்பவர்களின் எலும்பில் போய் உட்கார்ந்துகொள்ளும். தண்ணீர் வாரியத்தார் வந்து சோதித்துப் பார்த்துவிட்டுக் குழாய்க்குச் சிவப்பு வண்ணம் அடித்தார்கள். துவைக்கலாம், கழுவலாம், குடிக்கக் கூடாது என்று அதற்கு அர்த்தம். சிவப்புக் குழாய் இருக்கிற தெருக்களுக்கு ஆற்றுத் தண்ணீர் முதலில் வரும் என்றும் சொல்லிவிட்டுப் போனார்கள்.

அவர்கள் தலை மறைந்ததும் தெரு ஒன்றுகூடிச் சிவப்பைச் சுரண்டி எடுத்தது. வாசலில் சிவப்புக் குழாயை வைத்துக்கொண்டு யாருக்குப் பெண் கட்டிக் கொடுப்பது, யாரிடம் பெண் எடுப்பது? வாரியத்தார் மறுபடி வந்து அடித்தார்கள். தெரு மறுபடி சுரண்டியது. மூன்றாம் முறை அவர்கள் வரவில்லை. சிவப்பு இல்லை, ஆகவே குறை இல்லை, ஆகவே ஆற்றுத் தண்ணீரும் இல்லை. மானத்தைக் காப்பாற்றிக்கொண்ட தெரு அதே தண்ணீரை நன்றாகக் கொதிக்கவைத்துக் குடித்தது. கொதிக்கக் கொதிக்க அந்தச் சனியன் வற்றாமல் தண்ணீர்தான் வற்றும் என்பதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

இன்று அண்ணன் மகனுக்குப் பேசியிருக்கிற பெண் வீட்டார் வீடு பார்க்க வருகிறார்கள். சுரண்டிய பிறகும் குழாயில் அங்கங்கே திட்டுத்திட்டாகச் சிவப்பு ஒட்டிக்கொண்டிருந்தது. அதன் மேல் விடிந்ததும் விடியாததுமாக அண்ணன் பச்சை அடித்துவிட்டு வந்து, இலை மாதிரி இருக்கிறது என்று தன்னையே மெச்சிக்கொண்டார். மாப்பிள்ளையின் பல்லுக்கு எப்போதோ மருத்துவரிடம் போய் வெள்ளை உறை மாட்டியாகிவிட்டது. ஆண்பிள்ளை, நாலு இடம் போகிறவன் என்று அப்போது அண்ணன் சொன்னார். நாலு இடம் போகாத தங்கைக்கு உறை எதற்கு என்று அவர் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை.

ஆக மிச்சம் இருந்தது மைக்கக்காவின் வாய் ஒன்றுதான். வீட்டில் வேறு யார் யார் என்று பெண்ணின் அப்பா தொலைபேசியில் கேட்டபோது, ஒரு தங்கச்சி இருக்கிறாள், பாவம், அவளுக்குப் பேச்சு வராது என்று அண்ணன் வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டார். ஊமையிடம் வாயைத் திற என்று யார் கேட்கப் போகிறார்கள்? சாமர்த்தியமாகச் சமாளித்துவிட்டதாகவே அவர் நினைத்தார். தங்கையின் வாயைப் பல்லாக மட்டுமே பார்த்துப் பழகிய மனிதருக்கு, அதே வாயின் குரல் ஊர் முழுக்க ஒலிக்கிறது என்பது நினைவுக்கே வரவில்லை.

மைக்கக்காவுக்கு அது வலித்தது. ஆனால் இப்படி ஒளிந்துகொள்வது அவளுக்குப் புதிதும் இல்லை. இதே அண்ணிக்கு அண்ணனைப் பேசி முடிக்க ஆட்கள் வந்த நாளில், பள்ளிக்கூடம் போகிற வயதில் இருந்த அவளைப் பக்கத்து வீட்டில் கொண்டுபோய் விட்டிருந்தார்கள். அண்ணி நல்ல தண்ணீர் ஊரிலிருந்து, முத்துமுத்தான பல்லோடும் துள்ளுகிற நடையோடும் வந்தவள். பல் இன்னும் அப்படியே இருக்கிறது. முழங்காலும் இடுப்பும்தான் கட்டை போட்டாற்போல் இறுகிவிட்டன. குனிந்து கோலம் போடுவது இருக்கட்டும், கீழே விழுந்த கரண்டியை எடுக்கக்கூட அவளால் முடிவதில்லை.

"அந்தப் பொண்ணுகிட்ட ஒரு வார்த்தை சொல்லிடலாமே அண்ணி," என்று முந்தின நாள் மைக்கக்கா கேட்டிருந்தாள்.

"எனக்கு யாரு சொன்னாங்க?" என்றாள் அண்ணி. "நான் வாழலையா?"

வந்தவர்கள் நாலே பேர். அப்பா, அம்மா, தாய்மாமா, பெண். கூடத்தில் உட்காரவைத்து, காசு கொடுத்து வாங்கிய கேன் தண்ணீரைக் கண்ணாடித் தம்ளர்களில் கொடுத்தார்கள். மைக்கக்கா தேநீர்த் தட்டைக் கொண்டுபோய் நீட்டினாள். பெண்ணின் அம்மா அவளைப் பார்த்து உச்சுக் கொட்டி, பிறவியிலேயே இப்படித்தானா என்று கேட்டாள். அண்ணன் ஆமாம் என்றார். இருபத்தேழு வருடம் அவள் தூக்கி வளர்த்த பிள்ளை, உறை போட்ட பல் தெரியச் சிரித்தபடி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். தட்டோடு அடுக்களைக்குத் திரும்பிய மைக்கக்கா, அந்த வீட்டில் தான் நிற்பதற்கு இந்த மூலையைத் தவிர வேறு இடமே இல்லை என்று உணர்ந்தாள். அழுகை வந்தது. அதையும் வாயை மூடிக்கொண்டே விழுங்கினாள்.

கொஞ்ச நேரத்தில் பெண் அடுக்களைக்கு வந்தாள். உள்ளங்கை முழுக்கப் பச்சை.

"வரும்போது செருப்புல சேறு. வெளிக் குழாயைத் திறந்தேன், ஒட்டிக்கிச்சு," என்று சொல்லிவிட்டு, பேச்சு வராதவளிடம் பேசுகிறோம் என்பது பிறகு நினைவு வந்தவளாக நாக்கைக் கடித்துக்கொண்டாள். மைக்கக்கா பழந்துணியும் கொஞ்சம் எண்ணெயும் கொடுத்தாள். பெண் கையைத் தேய்த்தபடி அங்கேயே நின்றாள். போக மனம் இல்லாதவளைப் போலிருந்தது.

"அத்தைன்னு கூப்பிடலாமா?" என்றாள். மைக்கக்கா தலையாட்டினாள்.

பதில் வராது என்பதாலோ என்னவோ, அந்தப் பெண் மனதில் இருந்ததை எல்லாம் கொட்ட ஆரம்பித்தாள். தான் செருப்புத் தொழிற்சாலையில் வேலை செய்வதையும், தினமும் இரண்டு வண்டி மாறிப் போவதையும் சொன்னாள். புது வீடு என்றால் பயமாக இருக்கிறது, யாரிடம் கேட்டாலும் நல்ல இடம், நல்ல இடம் என்றுதான் சொல்கிறார்கள் என்றாள். ஒரு நாள் பெருமழையில் வண்டிகள் எல்லாம் நின்றுபோய், பேருந்து நிலையத்தில் தனியாக மாட்டிக்கொண்டாளாம். "அப்ப மைக்ல பேசுற அம்மா இருக்காங்கல்ல, அவங்க சும்மா சும்மா கூப்பிட்டு, வண்டி வந்துட்டு இருக்கு, பயப்படாதீங்கன்னு சொல்லிக்கிட்டே இருந்தாங்க. அது மாதிரி உண்மையச் சொல்றவங்க ஒருத்தர் இருந்தாப் போதும் அத்தை, எந்த வீட்லயும் இருந்துடலாம்."

மைக்கக்கா கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்தாள். அந்த மழை நாள் அவளுக்கும் நினைவிருந்தது. பயப்படாதீர்கள் என்று சொல்வதற்கு விதிமுறையில் இடம் இல்லை என்று மறுநாள் மேலாளரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள். அவள் பேசியது யாருக்காவது போய்ச் சேர்ந்தது என்று இத்தனை வருடத்தில் ஒருவரும் வந்து சொன்னதில்லை.

இவளும் இந்தக் குழாயடிக்கு வருவாள். இவள் பெறுகிற பிள்ளையும் கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கும். இந்த அடுக்களையில் இவளும் ஒரு நாள் கீழே விழுந்த கரண்டியைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். சொன்னால் தனக்கு இந்த வீட்டில் என்ன ஆகும் என்பதும் மைக்கக்காவுக்குத் தெரியும். வேறு போக்கிடம் அவளுக்கு இல்லை.

"கண்ணு," என்றாள். "அந்தப் பச்சைக்கு அடியில சிவப்பு இருக்கு. குடிக்கக் கூடாதுன்னு அடிச்ச சிவப்பு."

பெண்ணின் கையிலிருந்த துணி நழுவியது. ஊமை பேசிவிட்டாளே என்ற திகைப்பு ஒரு கணம்தான். அந்தக் குரல் யாருடையது என்று அவளுக்கு விளங்கிவிட்டது அடுத்த கணமே முகத்தில் தெரிந்தது. மைக்கக்கா உதட்டை விரித்துக் காட்டினாள். ஒரு மனிதருக்குத் தன் பல்லைத் தானாகக் காட்டியது அவள் நினைவில் அதுவே முதல் தடவை.

பெண் வெகுநேரம் பார்த்தாள். அருவருப்படையவில்லை. "வலிக்குமா அத்தை?" என்று மட்டும் கேட்டாள்.

"பல்லு வலிக்காது," என்றாள் மைக்கக்கா.

கூடத்துக்குப் போன பெண் கத்தவில்லை, பழிக்கவில்லை. இன்னும் பச்சை போகாத தன் கையை எல்லோருக்கும் நடுவில் நீட்டிக் காட்டினாள். "இந்தப் பச்சைக்கு அடியில, குடிக்கக் கூடாதுன்னு அடிச்ச சிவப்பு இருக்கு. எனக்கு இந்த வீடு வேணாம்னு நான் சொல்லல. யாரோட பல்லும் எனக்குக் குறையில்ல. குழாய்ல மறுபடியும் சிவப்பு அடிங்க, நல்ல தண்ணி கேட்டு வாங்குங்க. அது வந்த அன்னிக்கு வந்து பேசலாம்," என்றாள். அப்பாவும் தாய்மாமாவும் முதலில் குழம்பினார்கள், பிறகு விளங்கிக்கொண்டார்கள், பிறகு செருப்பை மாட்டிக்கொண்டார்கள். கோப்பைகளில் பாதித் தேநீர் ஆறிக் கிடந்தது.

அண்ணன் கை ஓங்கவில்லை, அவர் நாகரிகமானவர். இனி இவளோடு யாரும் பேசக் கூடாது என்று மட்டும் சொன்னார். ஊமை என்று சொன்ன பொய்யை அன்றிலிருந்து வீட்டார் எல்லோருமாகச் சேர்ந்து மெய்யாக்கினார்கள். தட்டு வரும், பேச்சு வராது. அவள் நுழைந்தால் அறை அடங்கும். பிள்ளை மட்டும் ஒரே ஒரு முறை வாசலில் வழிமறித்து, "எனக்காகவாவது வாய மூடிக்கிட்டு இருந்திருக்கலாம்ல அத்தை," என்று கேட்டான். அவள் அவனுக்குச் சோறு ஊட்டியவள். அன்று மைக்கில் இரண்டு முறை வண்டிகளின் மேடையை மாற்றிச் சொல்லிவிட்டாள்.

அடுத்து வந்த விடுமுறை நாளில் அவள் கடைத்தெருவுக்குப் போய் ஒரு டப்பா சிவப்பு வண்ணமும் தூரிகையும் வாங்கி வந்தாள். தெருவே குடத்தோடு வரிசையில் நின்ற காலை நேரம். யாரிடமும் கேட்காமல் குழாயடியில் உட்கார்ந்து அடிக்க ஆரம்பித்தாள்.

எதிர்வீட்டுக்காரி பதறிப்போய், அடுத்த மாதம் என் பொண்ணைப் பார்க்க வர்றாங்களே, உனக்கு ஆகாத கல்யாணம் யாருக்குமே ஆகக் கூடாதா என்று வாய்க்கு வந்தபடி பேசினாள். மைக்கக்கா நிமிர்ந்தாள். வாயைப் பொத்தவில்லை. பேருந்து நிலையத்தில் பேசுகிற அதே நிதானத்தில், அதே தமிழில், தெரு முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்: "அனைவரின் கவனத்திற்கு. இந்தக் குழாயின் தண்ணீர் குடிப்பதற்கு அல்ல. கொதிக்கவைத்தாலும் குடிப்பதற்கு அல்ல."

யாரோ ஒருத்தி சிரித்தாள். சிரித்த உடனே கை தானாக வாய்க்குப் போயிற்று. குடங்கள் ஒவ்வொன்றாக நிறைந்து, வழக்கம்போல வீடுகளுக்குப் போயின. அவளை ஒருவரும் தடுக்கவில்லை, ஒருவரும் உதவவும் இல்லை. ஈரச் சிவப்பு படாமல் ஒதுங்கிப் போனதைப்போல அவளை விட்டும் ஒதுங்கிப் போனார்கள்.

வரிசையில் கடைசியாக அண்ணி வந்தாள். ஒரு காலை இழுத்து இழுத்து நடந்து வந்து, காலிக் குடத்தை இடுப்பிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். குழாயையே பார்த்தாள். தண்ணீர் பிடிக்கவில்லை. ஏச்சு வரும் என்று மைக்கக்கா தலையைக் குனிந்துகொண்டாள்.

"கீழ கொஞ்சம் விட்டுப்போச்சு பாரு," என்றாள் அண்ணி. "அடிச்சு விட்டுடு. என்னால குனிய முடியாது."