மூன்றாம் பங்குப் புல்

"இன்னிக்கு மூணாம் பங்கு தெறக்குது, தெரியுமில்ல?" டிபன் பாக்ஸ் மூடியை அழுத்திக்கொண்டே ராஜாமணி கேட்டாள். "நாப்பத்தஞ்சு நாளு ஆச்சு. முட்டியளவு வளந்திருக்கும். மாடு ரெண்டும் வவுறு முட்டத் திங்கட்டும்."

அவள் புருஷன் தணிகாசலம் கம்பெனிச் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தான். முட்டியளவு என்ன, அங்கே விரலளவு புல்கூட இல்லை என்பது அவனுக்குத் தெரியும். சொல்லிவிடலாம் என்று வாய்வரை வந்தது.

"பஸ் வந்துடும்" என்று மட்டும் சொல்லிவிட்டு டிபன் பாக்ஸை வாங்கிக்கொண்டு நடந்தான்.

சேரப்பணஞ்சேரிக்கு அந்தப் பக்கம் இருந்த அந்தச் சின்ன ஊரின் மேய்ச்சல் நிலத்தில் பாதி, தொழிற்சாலைகளுக்குப் போய்விட்டது. மிச்சப் பாதியில் எல்லா மாடுகளும் எந்நேரமும் மேய்ந்ததில், புல் தலையெடுக்க நேரமில்லாமல் தரை மொட்டையானது. 2011 மழைக்குப் பிறகு ஊர்க்கூட்டத்தில் எழுந்து நின்று யோசனை சொன்னவள் ராஜாமணிதான். நிலத்தை மூன்றாகப் பிரிப்பது. ஒரு பங்கில் மாடு மேயும்போது மற்ற இரண்டுக்கும் ஓய்வு. ஓய்விலிருக்கும் பங்கின் வாயில் முள்ளை இழுத்துப் போட்டு, அதில் ஒரு வேப்பங்கொத்து கட்டுவது. கொத்து இருக்கும்வரை யாரும் உள்ளே மாட்டை விடக்கூடாது. ஒரு வருஷம் ஊரே அதைக் காப்பாற்றியது. பாலும் கூடியது.

விடியலில் மாட்டை ஓட்டிப் போவது தணிகாசலத்தின் வேலை. அந்த முறை திறந்திருந்த பங்கு ஏரிக்கரையின் கடைசியில் இருந்தது. மூடிய மூன்றாம் பங்கோ அவன் வீட்டுக்குப் பின்னால், கருவேலம் புதர் மறைத்த மேட்டுக்கு அந்தப் பக்கமே. ஏழே கால் பஸ்ஸைத் தவறவிட்ட ஒரு நாளுக்கு மறுநாள், முள்ளைக் கொஞ்சம் விலக்கினான். ரெண்டு மாடு மேய்ந்தால் என்ன குறைந்துவிடும்? அடுத்த நாள் போனபோது அந்த வழி அகலமாகியிருந்தது. உள்ளே வேறு மாடுகளின் சாணி கிடந்தது. யாரும் யாரையும் கேட்கவில்லை. தளிர் விட விடக் கடிபட்டு, புல் வேரோடு செத்தது.

மூன்றாம் பங்கு திறக்கிற நாள் என்பதால் அன்று ராஜாமணியே மாட்டை ஓட்டிப்போனாள்; அங்கே வெறும் தரையைப் பார்த்திருப்பாள். பசித்த மாடுகளை ஒரகடம் சாலையோரப் புல்லுக்கு ஓட்டிப்போனாள். கன்டெய்னர் லாரி அவளை அடித்தபோது தணிகாசலம் கம்பெனி அசெம்பிளி லைனில் நின்று போல்ட் முடுக்கிக்கொண்டிருந்தான். மாடுகள் இரண்டும் பிழைத்துக்கொண்டன.

காரியம் முடிந்த மறுவாரம் ஊர் கூடியது. ஊர்ப் பெரியவர் நடேசன் நேராகவே ஆரம்பித்தார்.

"ஆடுதான் வேரு தெரிய மேயும். பிச்சையா, உன் ஆட்டாலதான் இந்தக் கதி. இனிமே மேய்ச்சலுக்குள்ள உன் ஆடு வரக்கூடாது."

பிச்சையா தெற்கே கோவில்பட்டிப் பக்கத்துக்காரர். மகன் கம்பெனி வேலைக்கு வந்தபோது கூடவே வந்து, ஆறு ஆடு வாங்கிக்கொண்டு அந்த ஊரிலேயே தங்கிவிட்டவர்.

"என் ஆடு அந்தப் பக்கமே போகலய்யா" என்றார். "ஆடு புழுக்கைதான போடும்? அங்க கெடக்கதெல்லாம் சாணில்லா!"

"வந்துட்டாருய்யா, சாணி பாக்குற இஞ்சினீரு" என்றாள் மாடு வளர்க்கும் மரகதம். நாலு பேர் சிரித்தார்கள். சிரித்தவர்கள் உடனே தலையைக் குனிந்துகொண்டதைத் தணிகாசலம் பார்த்தான். தன்னை யாரும் கேட்கப்போவதில்லை என்பதும் புரிந்தது. பெண்டாட்டியைப் பறிகொடுத்தவனை யார் கேட்பார்கள்? அந்த இரக்கம்தான் அவனைப் பிடுங்கித் தின்றது. எழுந்தான்.

"முள்ள வெலக்குனது நான்தான்."

"துக்கத்துல ஒளர்றான். உக்கார வைங்கப்பா" என்றார் நடேசன்.

"இல்லண்ணே. தெனமும் எங்க மாட்டதான் வுட்டேன். அன்னிக்குக் காலைலகூட அவ கேட்டா. 'அங்க புல்லு இல்லம்மே'ன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா அவ ரோட்டுக்குப் போயிருக்க மாட்டா. அவ போட்ட முள்ள நானே வெலக்கிட்டேன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு. பஸ் ஏறிட்டேன்."

மரகதம், "எங்க மாடும் அங்க மேயப் போச்சு" என்றாள், யாருக்கும் கேட்கக்கூடாது என்பதுபோல. பின்வரிசையில் இன்னும் இரண்டு பேர் தலையாட்டினார்கள்.

பிச்சையா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"முள்ளத் தாண்டுத மாட்ட வெரட்டிரலாம். முள்ள வெலக்குத கைய யாரு தடுக்க? ஊருக்குன்னு ஒரு கட்டுப்பாடு வச்சா, நான் ஒருத்தன்தானன்னு எவனும் மீறப்படாது தம்பி. எல்லாரும் அப்பிடித்தான் நெனைக்கோம். கடைசில சாவுறது, அந்தக் கட்டுப்பாட்ட நம்புனவதான்."

சொல்லிவிட்டு அவர் கூட்டம் முடியும்வரை நிற்கவில்லை.

அதன்பிறகு மூன்று மழைக்காலம் வந்து போய்விட்டது. மூடிய பங்கின் முள்ளை யாரும் தொடுவதில்லை. வேப்பங்கொத்து காய்ந்தால் தணிகாசலமே புதுக்கொத்து கட்டுகிறான். அவனும் நடேசனும் இரண்டு தடவை பிச்சையா வீட்டுக்குப் போய், ஆடுகளை உள்ளே விடச் சொல்லிக் கேட்டார்கள். "ஆகட்டும், பாப்போம்" என்று அவர் மோர் கொடுத்து அனுப்பினார்.

பிச்சையாவின் ஆடுகள் இன்றும் ஒரகடம் சாலையின் சர்வீஸ் ரோட்டு ஓரத்தில்தான் மேய்கின்றன.